ஏழாம் நம்பர் சாப்பிட்டவன்

செத்துப்போனதாகக் கோர்ட்டே எழுதிக் கொடுத்த ஆள், புதன்கிழமை சாயங்காலம் மாட்டுக்கறி ஓட்டலான ட்ராபெக் ஸ்டேக் ஹவுஸில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தான். அப்படித்தான் அங்கே சமையல் பார்க்கிற ரூடி அடித்துச் சொன்னார்.

"ஆளைப் பார்த்தியா?" என்று கேட்டார் மில்டன் டூமா.

"பாக்கலை."

"குரலாவது கேட்டியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி லீலண்ட் ஹாஸ்னு சொல்றே?"

"சீட்டைப் பார்த்தேன்."

ரூடி ஏப்ரனின் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். எண்ணெய்க் கறை படிந்த ஆர்டர் சீட்டு. பரிமாறுகிற ஃபிலிஸின் கோணல் எழுத்தில் ஐந்து வரிகள். ஏழாம் நம்பர், ஒன்று. வெளியே கரியாக, உள்ளே சிவப்பாக. மேலே பச்சை வெங்காயம், தடித்த வட்டமாக. உருளைக்கிழங்கு வேண்டாம், டோஸ்ட், அதன்மேல் கிரேவி. கோலா.

"முப்பத்தொரு வருஷமா இந்த அடுப்பு முன்னாடி நிக்கறேன்," என்றார் ரூடி. "இப்படித் திங்கற மனுஷன் ஒருத்தன்தான். இருபத்திரண்டு வருஷமா இந்தச் சீட்டு வரலை. நேத்து வந்துச்சு. எனக்குக் கையே ஓடலை."

"கை ஓடலைன்னா காலையாவது ஓட்டியிருக்கலாமே. நாலு எட்டு வெளிய வந்து பாக்கறதுதானே?" என்றாள் மில்டனோடு வந்திருந்த பெவ்.

"அஞ்சரை மணிக் கூட்டம், பெவ். அடுப்புல பதினாலு ஸ்டேக்கு. விட்டுட்டு வந்தா அத்தனையும் செருப்புத் தோலாயிடும்."

"ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்காது."

ரூடி இடுக்கியைத் தூக்கிக் காட்டினார். பெவ் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

ரூடியைத் தப்பு சொல்ல முடியாது. அவர் உணவுக்கூடத்துப் பக்கம் தலையை நீட்டுகிற பழக்கமே கிடையாது. ஆனால் சுற்று வட்டாரத்தில் யாருக்குப் பல் போயிற்று, யாருக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எல்லாம் சீட்டில் வந்துவிடும். நெப்ராஸ்காவின் இந்த மூலையில் ஒருவன் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஸ்டேக்கை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டான் என்பது ரூடியின் கட்சி. அந்த நம்பிக்கையில்தான் நேற்று இரவே மார்லினுக்குப் போன் போட்டு, உன் புருஷன் வந்திருக்கிறான் என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

இதில் என்ன கேடு என்றால், மார்லினுக்கும் மில்டனுக்கும் சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கல்யாணம்.

லீலண்ட் ஹாஸ், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அக்டோபர் காலையில் கன்றுகளை ஏலத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று கிளம்பியவன். கன்றுகள் விற்றன. ஆள் திரும்பவில்லை. அவனுடைய பிக்கப் வண்டி லூப் ஆற்றங்கரையில் கதவு திறந்தபடி நின்றது. அப்போது ஷெரிஃப் ஆபீசில் டெபுடி போலீஸாக இருந்த மில்டன் ஒன்பது நாள் ஆற்றில் கொக்கி போட்டுத் தேடினார். மார்லின் ஒன்பது நாளும் கரையில் நின்றாள். மில்டனுக்கு மனசு போனது அங்கேதான். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குப் பதினேழு வருஷம் பிடித்தது, சரி என்று சொல்ல அவளுக்கு இன்னும் ஐந்து வருஷம் பிடித்தது.

இன்று காலை ஒன்பது மணிக்கு அந்த மார்லின், மில்டனின் துப்பறியும் ஆபீசுக்கு வந்து, மற்ற வாடிக்கையாளர்கள் நிரப்புகிற அதே படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். "கோர்ட்டு என்ன சொன்னா என்ன மில்டன், அவன் உயிரோட இருந்தா நான் சர்ச்சுக்குள்ள காலை வைக்க மாட்டேன். கண்டுபிடிங்க. வேற யார்கிட்டயும் போக எனக்கு மனசு இல்ல," என்றாள். மில்டனும் தலையை ஆட்டிவிட்டு, காணாமல் போனவரின் உயரம், அடையாளம் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆற்றில் தேடியவருக்கு அதெல்லாம் மனப்பாடம். அந்த அரை மணி நேரத்தில் பெவ் மூன்று தடவை காப்பி போட்டாள். இருபத்தொன்பது வருஷம் தபால் வண்டி ஓட்டி, ஊரில் உள்ள அத்தனை கஷ்டத்தையும் கவரோடு பார்த்துவிட்டு, இப்போது மில்டனின் ஆபீசில் வேலை பார்க்கிறவள் அவள். அந்த அறையில் மட்டும் அவளால் நிற்க முடியவில்லை.

மில்டன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். "ஏழாம் நம்பர்னு சொல்லியிருக்கான். உங்க மெனுவுல நம்பர் இருக்கா?"

"எடுத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு," என்றார் ரூடி. "இப்ப வெறும் டி-போன்தான்."

"அப்ப இவன் புது மெனுவைப் பிரிச்சே பாக்கலை. மனசுல இருந்ததைச் சொல்லியிருக்கான்."

"பார்த்தியா, லீலண்டேதான்."

"கோலா குடிச்சிருக்கானே," என்றாள் பெவ். "லீலண்ட் தண்ணியைக்கூட விஸ்கி ஊத்தித்தான் குடிப்பான். செத்தாத்தான் விடுவேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு மனுஷன் குடியை விட்டிருக்கலாம்," என்றார் மில்டன்.

பெவ் அவரை முறைத்தாள். எதிராளிக்கு வக்கீல் வேலை பார்ப்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது.

நான்கு மணிக்கு ஃபிலிஸ் வந்தாள். ஊருக்கு வந்து பத்து வருஷம்தான் ஆகிறது, அதனால் லீலண்டைக் கண்டதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையிலிருந்து பாதிரியார் வரை எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான்.

"நேத்து மூலை மேஜையா? ஞாபகம் இருக்கு கண்ணு. பீர் கேட்டான். லைசென்ஸைக் காட்டுன்னேன். நவம்பர்லதான் இருபத்தொண்ணு முடியுது. அதான் கோலா குடுத்தேன். குழந்தை மூஞ்சி."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூடியின் முகம் தொங்கிப்போயிற்று.

"இருபது வயசுப் பையன்," என்றாள் பெவ் மெதுவாக. அவளுக்குள் ஏதோ இறங்கி லேசான மாதிரி இருந்தது. "ரூடி, உன் சீட்டு ஜோசியம் ஊத்திக்கிச்சு. மில்டன், கிளம்பு. போய் மார்லினைக் கூப்பிட்டு, பூக்காரனுக்கு ஆர்டரை உறுதி பண்ணச் சொல்லு."

மில்டன் நகரவில்லை. "இருபது வயசுப் பையனுக்கு, அவன் எட்டு வயசுல எடுத்துப்போட்ட நம்பர் எப்படித் தெரியும்? வெங்காயத்தைப் பச்சையா வெக்கணும், டோஸ்ட்டு மேல கிரேவியை ஊத்தணும், இதெல்லாம் யாரும் தானா கத்துக்கறதில்ல, பெவ். எதிர்ல உக்காந்து ஒருத்தன் சாப்பிட்டுக் காட்டியிருக்கான். அந்த ஒருத்தன் எங்க இருக்கான்?"

லேசானது மறுபடி கனமாயிற்று.

"வேற என்ன பண்ணான்?" என்று ஃபிலிஸைக் கேட்டார் மில்டன்.

"சாப்பிட்டு முடிச்சுச் சுவர் பக்கம் போய் நின்னான்." சுற்றுப் பண்ணைகள் மாடுகளுக்குப் போடுகிற சூட்டுக்குறிகளையெல்லாம் காய்ச்சிப் பதித்த பலகைச் சுவர் பக்கம், சமையலறை ஜன்னல் வழியே ஃபிலிஸ் கையைக் காட்டினாள். "ஒவ்வொண்ணா தேடினான். அதோ, அந்த அரைவட்டத்துக்குள்ள குறுக்குக் கோடு போட்டது, அதுமேல உள்ளங்கையை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். என்ன கண்ணுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டு, எலும்பை நாய்க்குக் கட்டிக் குடுக்கச் சொன்னான்."

அரைவட்டமும் குறுக்குக் கோடும் மார்லினின் அப்பாவுடைய பண்ணைக்குறி.

"எங்க தங்கியிருக்கான்னு சொன்னானா?"

"கேக்கலியே. ஆனா பூட்ஸைத் தொடைக்காம வந்துட்டு, அதுக்கு மன்னிப்பு வேற கேட்டான். மாட்டுச் சாணி."

"இன்னைக்கு வியாழக்கிழமை," என்றார் மில்டன், தொப்பியை எடுத்துக்கொண்டு. "மாட்டு ஏலம்."

மாட்டு ஏலக் கொட்டகையின் வெளியே எண்பது பிக்கப் வண்டிகளாவது நின்றன. உள்ளே ஏலம் கூறுகிறவன் மூச்சு விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தது ஒலிபெருக்கியில் கேட்டது.

"இருபது வயசு, தொப்பி, அழுக்கு பூட்ஸ்," என்றாள் பெவ். "உள்ள போனா நூறு பேரு நிப்பாங்க. எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு வெங்காயம் பிடிக்குமான்னு கேக்கப் போறியா?"

"பையனைத் தேடாதே. நாயைத் தேடு."

"எல்லா வண்டியிலயும் நாய் இருக்கு, மில்டன்."

"எல்லா நாய்க்கும் ரூடி ஸ்டேக் போடலை. இப்ப யார் ரெண்டு அங்குலத்துக்கு எலும்போட டி-போன் அறுக்கறா? ஏழாம் நம்பர்ங்கற பேரைப் பார்த்ததும் ரூடி பழைய ஞாபகத்துல கை ரம்பத்தை எடுத்திருப்பார். அந்த எலும்பு ஒரு ராத்திரியில தீராது."

பெவ்வுக்கு இது பழகின வேலை. எத்தனை ஆயிரம் வாசல்களில் நாய்களைப் பார்த்துப் பார்த்து நடந்தவள். நான்காவது வரிசையில், பக்கத்து மாநிலமான வயோமிங் நம்பர் போட்ட வண்டி ஒன்றின் பின்பக்கம், பழுப்பும் வெள்ளையுமாய் ஒரு நாய், தன் தாடையைவிடப் பெரிய எலும்போடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. பெவ் விசில் அடித்தாள். நாய் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பத்து நிமிஷத்தில் வண்டிக்காரன் வந்தான். நடையைப் பார்த்ததுமே பெவ் நிமிர்ந்தாள். வலது தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நடக்கிற லீலண்டின் நடையை அவள் ஊர்த் தெருவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். நவம்பரில் இருபத்தொன்று என்றால் எப்போது பிறந்தவன் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். அந்தப் படுபாவி ஒரு குளிர்காலம்கூடக் காத்திருக்கவில்லை.

"நேத்து ஏழாம் நம்பர் சாப்பிட்டது நீங்கதானே, தம்பி?" என்றார் மில்டன்.

பையன் முதலில் பயந்தான், பிறகு சிரித்தான். "அதுக்கெல்லாமா சார் போலீஸ் வரும்?"

"போலீஸ் வேலையை விட்டாச்சு. அதைத் தின்னத் தெரிஞ்ச ஒருத்தரைத் தேடிக்கிட்டிருக்கோம்."

"எங்க அப்பா அப்படித்தான் கேப்பாரு. வீட்டுலயும் அப்படியே பண்ணச் சொல்வாரு. அம்மா திட்டுவாங்க." பையன் தொப்பியைக் கழற்றினான். "பிப்ரவரில போயிட்டாரு. ஈரல். இந்தப் பக்கம் மாடு ஏத்த வந்தேன். ஒரு தடவை அவர் சாப்பிட்ட இடத்துல உக்காந்து சாப்பிடணும்னு தோணுச்சு."

கோல்பி என்று பெயர் சொன்னான். போனில் ஒரு படத்தைக் காட்டினான். தாடி நரைத்து, கன்னம் ஒட்டிப்போய், வயோமிங்கில் லீ ஹார்ட் என்று பெயர் வைத்துக்கொண்டவன் சிரித்துக்கொண்டிருந்தான். புருவத்தின் மேல் லீலண்டின் பழைய வெட்டுத் தழும்பு அப்படியே இருந்தது. மில்டன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஊரைப் பத்திப் பேசுவாரா?"

"ஐயோ, எப்பவும். ரூடின்னு ஒரு சமையக்காரர் இருந்தாராமே, செம்பட்டை முடி? அப்புறம் ஆறு. அப்புறம் அந்தச் சுவரு. அதுல ஒரு குறியைப் படம் வரைஞ்சே காட்டியிருக்காரு. அந்தக் குடும்பத்துக்கிட்டத்தான் கொஞ்ச நாள் கூலிக்கு வேலை பார்த்தாராம்."

"கூலிக்கு," என்றாள் பெவ்.

"ஆமாங்க."

மில்டன் போனைத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, உங்க அப்பாவுக்கு இந்த ஊர்ல ஒரு மனைவி. ஒன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தாங்க. மார்லின்னு பேரு. அந்தப் பேரை என்னைக்காவது சொல்லியிருக்காரா?"

பையனின் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். நேர்மையாகத்தான் யோசித்தான், அது பெவ்வுக்குத் தெரிந்தது.

"இல்ல சார். ஒரு தடவைகூட இல்ல. அப்படி ஒருத்தர் இருந்ததாவே சொன்னதில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்க அம்மாவுக்கும் தெரியாது. அவங்க இருக்காங்களா? நான் என்ன சொல்லணும் அவங்ககிட்ட? எனக்கு ஒண்ணும் புரியலை."

"பெவ், நீ போய் காரைத் திருப்பு," என்றார் மில்டன்.

காரைத் திருப்ப ஒரு நிமிஷம் போதும். மில்டன் வர ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அவர் பையனின் தோளில் கை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விலாசம் வாங்குகிறார் என்று பெவ் நினைத்துக்கொண்டாள்.

"செத்துட்டான்," என்றாள், கார் ரோட்டில் ஏறியதும். ஒரு சாவுக்குச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. "சனிக்கிழமை நடக்கும். எல்லாத்தையும் சொல்லிடு. மறைக்காதே. பேரைக்கூடச் சொல்லலைங்கறதைக் கண்டிப்பா சொல்லு. அழுவா. ஒரு வாரம் அழுவா. அப்புறம் அந்த நாயை மனசுலேர்ந்து துடைச்சுத் தூரப் போட்டுடுவா."

மில்டன் வெளியே மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மார்லின் மூலை மேஜையில் காத்திருந்தாள். வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு அந்த மேஜை அவளுக்கும் மில்டனுக்கும் என்று ட்ராபெக்கில் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பெவ் அவள் பக்கத்திலும் மில்டன் எதிரிலும் உட்கார்ந்தார்கள்.

மில்டன் ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் சொன்னார். பிப்ரவரியில் வயோமிங்கில் இறந்துவிட்டான். பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தான். அங்கே ஒரு மனைவி, ஒரு பையன். நேற்று வந்தது அந்தப் பையன். பையனின் வயதையும் மறைக்கவில்லை.

மார்லின் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, பெவ் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"என்னாலதான் போனானா, மில்டன்?"

அந்தக் கேள்வியின் வரலாறு பெவ்வுக்குத் தெரியும். லீலண்ட் கிளம்பிய அன்றைக்குக் காலையில் வாசலில் நின்று, உன் மூஞ்சியில் முழிக்கவே பிடிக்கவில்லை, எங்கேயாவது தொலைந்து போ என்று கத்தியவள் மார்லின். அதன்பிறகு மூன்று வருஷம் தினமும் தபால் பெட்டி அருகே வந்து நின்றாள். ஒருநாள் அந்தப் பெட்டியின் மேல் தலையைக் கவிழ்த்து, நான்தானே பெவ் போகச் சொன்னேன் என்று கேட்டு அழுதாள். கடிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெவ் பக்கத்தில் சும்மா நின்றாள்.

"என்னைப் பத்தி அந்தப் பையன்கிட்ட ஏதாவது சொல்லியிருக்கானா?" என்றாள் மார்லின்.

ஒருமுறைகூட இல்லை என்று சொன்னால் போதும். அது உண்மை. அது சனிக்கிழமைக்கும் நல்லது. பெவ் மில்டனின் வாயையே பார்த்தாள்.

"சொல்லியிருக்கான்," என்றார் மில்டன். "உன்மேல எந்தத் தப்பும் இல்லைன்னு சொல்லியிருக்கான். கடன், குடி, எல்லாம் சேர்ந்து கோழையாகி ஓடினது தான்தான்னு. உன் பேரை எடுத்தா பேச்சை முடிக்க முடியாம எழுந்து போயிடுவானாம். திரும்பி வர முகம் இல்லாமத்தான் வரலை."

பெவ்வுக்கு நாற்பது வருஷமாக இந்த மனுஷனைத் தெரியும். ரிப்போர்ட்டில் ஒரு கமாவைக்கூடக் கூட்டி எழுத மாட்டார்.

மார்லின் அவள் பக்கம் திரும்பினாள். "நீயும் கூட இருந்தியே, பெவ். அந்தப் பையன் இதையெல்லாம் சொன்னானா?"

இல்லை என்று ஒரே வார்த்தை. மில்டனுக்கு ஒரு வீடு, விளக்கு, எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. பெவ் அவரைப் பார்த்தாள். அவர் கெஞ்சவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"சொன்னான்," என்றாள் பெவ்.

"அவன் நம்பர் இருக்கா? நான் பேசணும்."

பையன் உண்மையைச் சொல்லிவிடுவானே என்று நினைத்தாள் பெவ். ஆனால் மில்டன் யோசிக்காமல் சட்டைப் பையிலிருந்து நம்பரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மார்லின் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "கோல்பியா? நான் மார்லின்... இல்லப்பா, நீ ஏன் மன்னிப்பு கேக்கறே. நீ என்ன பண்ணே?... உங்க அப்பா... ஆமா... என்ன சொன்னாரு?" வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய இன்னொரு கை மெல்ல எழுந்து வாயை மூடிக்கொண்டது. "பச்சைக் கோட்டா?" என்றாள் விரல்களின் ஊடாக. "ஆமாம்ப்பா. இருந்துச்சு. காலர்ல ஒரு பட்டன் இல்லாம. அதுவுமா சொன்னாரு?"

பெவ் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அந்தக் கோட்டை அவளுக்கும் தெரியும். ஆற்றங்கரையில் ஒன்பது நாளும் மார்லின் போட்டிருந்தது. பட்டன் இல்லாத காலரைக் கையால் பிடித்துக்கொண்டு அவள் நின்றதைப் பற்றி, இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஆள்தான் பெவ்விடம் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறார். அவர் எதிரே உட்கார்ந்து உப்பு ஜாடியை நேராக வைத்துக்கொண்டிருந்தார். கொட்டகை வாசலில் ஏழெட்டு நிமிஷம் பையனுக்கு அவர் கற்றுக்கொடுத்தது இதைத்தான். தன்னிடம் இருந்த ஒரே சொத்தை எடுத்து லீலண்ட் ஹாஸின் பெயரில் எழுதி வைத்துவிட்டார்.

மார்லின் போனை வைத்தாள். இப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, பக்கத்து மேஜைக்காரர்கள் தலையைத் திருப்பிக்கொள்ளும்படி அழுதாள். பெவ் அவள் முதுகைத் தடவினாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த முதுகில் இருந்த ஏதோ ஒன்று இறங்குவது கைக்குத் தெரிந்தது.

"அவன் என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போனான்னு நினைச்சுக்கிட்டுத்தான் நான் உங்களுக்குச் சரின்னு சொன்னேன், மில்டன்," என்றாள் கடைசியில். "அவன் அங்க என்னை நினைச்சு நினைச்சுச் செத்திருக்கான். அந்தப் பிப்ரவரில நான் இங்க கல்யாணக் கேக்கு ருசி பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்."

"சனிக்கிழமை என்னால முடியாது."

"தெரியும், மார்லின்."

"எப்பன்னு சொல்லவும் எனக்குத் தெரியலை. காத்திருங்கன்னு கேக்கற யோக்கியதையும் எனக்கு இல்ல."

"நீ கேக்க வேண்டாம்."

அவள் எழுந்து, குனிந்து, அவர் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தாள். போகிற வழியில் பலகைச் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு சாத்தியது.

பெவ் எதிர்ப்பக்கம் மாறி மில்டனுக்கு நேராக உட்கார்ந்தாள். "உண்மையைச் சொல்லியிருந்தா உனக்குப் பொண்டாட்டி கிடைச்சிருப்பா. பொய் சொல்லிக் கெட்ட ஆளுங்களைப் பார்த்திருக்கேன். அடுத்தவன் பொண்டாட்டியை அவனுக்கே திருப்பிக் குடுக்கப் பொய் சொன்னவனை இன்னைக்குத்தான் பாக்கறேன். அதுவும் செத்தவனுக்கு."

"ஒன்பது நாள் தேடினேன், பெவ்," என்றார் மில்டன். "பத்தாவது நாள் அவகிட்டப் போய், ஒண்ணும் கிடைக்கலைம்மான்னு சொன்னேன். அப்ப அவ பார்த்த பார்வை இருக்கே. மறுபடி போய் அதையே சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

பெவ் மார்லினின் தண்ணீர்க் குவளையை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள்.

ஃபிலிஸ் ஒரு தாளோடு வந்து நின்றாள். சாயங்காலக் கூட்டத்தில் பாதி மேஜைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தவள், இந்த மேஜையில் நடந்ததைக் கவனிக்கவில்லை. "சனிக்கிழமை விருந்து லிஸ்ட்டு கண்ணு. அம்பத்திரண்டு பேரு. யாருக்கு நல்லா வேகணும், யாருக்குப் பாதின்னு எல்லாரையும் கேட்டு எழுதிட்டேன். மாப்பிள்ளைக்கு மட்டும்தான் காலி. ரூடி கறியை இன்னைக்கே குளிர் அறையிலேர்ந்து இறக்கணும்னு நிக்கறாரு."

மில்டன் தாளை வாங்கினார். பேனாவையும் வாங்கினார். முதல் வரியில் மார்லினின் பெயர் இருந்தது, அதற்கு எதிரே ‘நன்றாக வேகணும்’ என்று. அதன் கீழே அவருடைய பெயர், எதிரே வெற்றிடம். பேனாவைத் தாளில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இறக்க வேண்டாம்னு சொல்லும்மா," என்றார்.

"நாளைக்கு இறக்கினா போதுமா?"

"நாளைக்கும் வேண்டாம்."

ஃபிலிஸ் பெவ்வைப் பார்த்தாள். பெவ் தலையை அசைத்தாள். ஃபிலிஸ் தாளை வாங்காமலே சமையலறைப் பக்கம் போனாள். மில்டன் அந்த ஐம்பத்திரண்டு பெயர்களையும் மேலிருந்து கீழாக, ஒவ்வொருவருக்கும் எப்படி வேக வேண்டும் என்பது வரை, நிதானமாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.